86-ஐ மட்டும் பார்த்துப் பெயர் எழுதாதீர்கள்: 5-மீஓ-மிப்ட் பொடியை அடையாளம் காணும் முறை

சின்ன ஜிப் கவர், உள்ளே கால் கிராம் அளவுக்கு மங்கிய வெள்ளைப் பொடி, மேலே மார்க்கர் பேனாவில் "5-மீஓ-மிப்ட்" (டிரிப்டமைன் குடும்பத்தைச் சேர்ந்த, மனமயக்கம் தரும் செயற்கைப் போதைப்பொருள்). ஆய்வுக்கூடத்துக்கு இப்படித்தான் வந்து சேரும். கவரில் இருப்பதைப் பதிவேட்டில் "லேபிளில் உள்ளபடி" என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதற்கு மதிப்பு கிடையாது. உள்ளே வேறு டிரிப்டமைன் இருக்கலாம், மரத்துப்போக வைக்கும் லிடோகெயின் இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். போதைப்பொருள் பகுப்பாய்வில் இருப்பவர்களுக்கும், வேதியியல் முடித்துவிட்டு அந்தப் பக்கம் வருகிறவர்களுக்குமான வழிமுறை இது. தலைப்பில் உள்ள 86, நிறை நிறமாலையில் இந்தப் பொருள் காட்டும் மிகப் பெரிய பீக்கின் எண்.

முதலில் மூலக்கூறை மனதில் வரைந்துகொள்ளுங்கள். இண்டோல் வளையம், 5ஆம் இடத்தில் ஒரு மீத்தாக்ஸி, 3ஆம் இடத்திலிருந்து இரண்டு கார்பன் நீளச் சங்கிலி, அதன் நுனியில் உள்ள நைட்ரஜனில் ஒரு மெத்தில், ஒரு ஐசோபுரொப்பைல். மொத்தம் 15 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 1 ஆக்ஸிஜன். மூலக்கூறு நிறை 246. டேவிட் ரெப்கே, டக்ளஸ் குரோட்ஜான், அலெக்சாண்டர் ஷல்கின் மூவரும் 1985இல் இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் இதைத் தொட்ட ஆய்வுகள் குறைவுதான். இதே குடும்பத்தின் பிரபலமான உறுப்பினர் டிஎம்டிக்குக் கிடைப்பதுபோல் ஒப்பிட்டுப் பார்க்க ஏராளமான தரவு இதற்குக் கிடைக்காது. அதனால் லைப்ரரி (கருவியின் கணினியில் உள்ள நிறமாலைத் தொகுப்பு) சொல்வதை அப்படியே எழுதிவிடத் தோன்றும். தவறு நடப்பது பெரும்பாலும் அங்கேதான்.

சாம்பிள் எடுப்பது

சில மில்லிகிராமிலேயே வேலை செய்யும் பொருள். கையுறை, கண்ணாடி, ஃபியூம் ஹூட் மூன்றும் இல்லாமல் கவரைத் திறக்க வேண்டாம். ஏசி காற்று நேராக அடிக்கும் மேசையில் எடை போடவும் வேண்டாம். தராசு 0.1 மி.கி. வரை காட்டுவதாக இருக்கட்டும்.

கவர்கள் பலவாக இருந்து, உள்ளே இருப்பது பார்வைக்கு ஒரே மாதிரி என்றால்: 10க்குக் கீழே எல்லாவற்றையும் சோதியுங்கள், 10 முதல் 100 வரை என்றால் எழுந்தமானமாகப் பத்து, 100ஐத் தாண்டினால் மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம். 144 கவர் வந்தால் 12. நிறமோ பொடியின் தன்மையோ கொஞ்சம் மாறினாலும் அதைத் தனிக் கூட்டமாகப் பிரித்து அங்கிருந்து மறுபடி எண்ணுங்கள். ஒரே கவருக்குள்ளும் கலவை சீராக இருக்காது. அகேட் உரலில் மெதுவாக அரைத்து, குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் கால்பங்குகளை எடுங்கள். இதைச் செய்யாமல் மேலே கிடப்பதைக் கிள்ளி எடுத்துவிட்டு, தூய்மை சதவீதம் மூன்று முறை மூன்று விதமாக வருகிறதே என்று கருவியைத் திட்டிப் பயனில்லை.

நிறச் சோதனை: எர்லிக்

1 கிராம் பாரா-டைமெத்தில்அமினோபென்சால்டிஹைடை 10 மி.லி. மெத்தனாலில் கரைத்து, அடர் ஆர்த்தோபாஸ்பாரிக் அமிலம் 10 மி.லி. கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பழுப்பு பாட்டிலில், ஃபிரிட்ஜில், தயாரித்த தேதியோடு வையுங்கள். வெளிர் மஞ்சள் இருக்கலாம். கருத்த மஞ்சளாகிவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

பீங்கான் ஸ்பாட் தட்டில் மூன்று குழி போதும். முதல் குழியில் வெறும் ரீஏஜென்ட். இரண்டாவதில் மெலடோனின் துளி. மூன்றாவதில் சாம்பிள், கடுகில் பாதி. மூன்றிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டுச் சில நிமிடம் பாருங்கள். ஊதா வந்தால் இண்டோல் உண்டு. முதல் குழியும் நிறம் மாறினால் தட்டு அழுக்கு. இரண்டாவது மாறாவிட்டால் ரீஏஜென்ட் செத்துவிட்டது. இந்த இரண்டு குழியும் இல்லாமல் பார்த்த நிறத்தை அறிக்கையில் எழுதாதீர்கள்.

கட்டுப்பாட்டுக்கு மெலடோனின் எடுப்பதில் ஒரு பாடமும் இருக்கிறது. தூக்கத்துக்காக விற்கப்படும் அந்த மாத்திரையிலும் 5-மீத்தாக்ஸி இண்டோல்தான். அதுவும் ஊதா காட்டும். எல்எஸ்டியும் காட்டும், சைலோசினும் காட்டும். இண்டோலின் 2ஆம் இடத்துக் கார்பன் காலியாக இருப்பதால் ஆல்டிஹைடு அங்கே போய் ஒட்டுகிறது; ஊதாவுக்குக் காரணம் அவ்வளவுதான். மறுபக்கம், அந்த 2ஆம் இடத்தில் மெத்தில் உட்கார்ந்திருக்கும் டிரிப்டமைன்களில் நிறம் மங்கலாம், வராமலும் போகலாம். ஆகவே ஊதா வந்தால் குடும்பப் பெயர் மட்டும் தெரியும். வராவிட்டால் எதுவும் உறுதியில்லை. கலப்படத்தையும் எர்லிக் காட்டாது. எம்டிஎம்ஏ (எக்ஸ்டஸி) பாதிக்குப் பாதி கலந்திருந்தாலும் ஊதா அதே ஊதாதான். மார்க்விஸ் என்ற இன்னொரு நிறச் சோதனை ரீஏஜென்ட் போட்டால் எம்டிஎம்ஏ கருநீலம், கருப்பு என்று போகும். ஆனால் டிரிப்டமைனே அதில் மஞ்சள், பழுப்பு என்று நிறம் காட்டிக் கலங்கடிக்கும். நிறச் சோதனையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்காமல் கருவிக்குப் போய்விடுவது நல்லது.

கரைப்பான் தேர்வு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. டைகுளோரோமீத்தேன் பழக்கத்தில் கைக்கு வரும். டிரிப்டமைனுக்கு அதைத் தொடாதீர்கள். டிஎம்டி போன்ற மூன்றாம் நிலை அமீன்கள் அதோடு வினைபுரிந்து குளோரோமெத்தில் குவாட்டர்னரி உப்பாக மாறும். ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃப்) கருவியின் சூட்டில் அது உடைந்து குளோரோஎத்தில் இண்டோலாகத் தலைகாட்டும். சாம்பிளில் இல்லாத ஒரு "அசுத்தம்" உங்கள் பாட்டிலிலேயே பிறந்துவிடும். அசிட்டோனும் வேண்டாம்: ஆல்ஃபா-மெத்தில்டிரிப்டமைன் மாதிரி முதல் நிலை அமீன் கலந்திருந்தால் அதோடு சேர்ந்து நிறை 40 கூடிய இமீன் பீக் வரும். பழைய மெத்தனாலில் ஃபார்மால்டிஹைடு சேர்ந்திருந்தால் முதல், இரண்டாம் நிலை டிரிப்டமைன்கள் வளையம் மூடி, நிறை 12 கூடிய டெட்ராஹைட்ரோ-பீட்டா-கார்போலினாகும். 5-மீஓ-மிப்ட் மூன்றாம் நிலை என்பதால் அதற்கு இந்த ஆபத்து இல்லை. ஆனால் உள்ளே இருப்பது அதுதான் என்று இன்னும் நமக்குத் தெரியாதே. புதிதாகத் திறந்த எச்பிஎல்சி (திரவ குரோமட்டோகிராஃபி) தர மெத்தனாலே போதும்.

1 மி.கி.யை 1 மி.லி. மெத்தனாலில் கரைத்து, அதிலிருந்து பத்து மடங்கு நீர்க்க வையுங்கள். உப்பு வடிவில் இருந்தாலும் ஜிசியில் பெரும்பாலும் காரமாகவே ஓடிவிடும். பீக் வால் நீண்டு அசிங்கமாக வந்தால் மட்டும் கொஞ்சம் மெனக்கெடுங்கள்: 1 மி.கி.யை 1 மி.லி. நீரில் கரைத்து, சோடியம் கார்பனேட்டால் பிஹெச் 9 முதல் 10க்குள் கொண்டுவந்து, 1 மி.லி. எத்தில் அசிடேட்டில் குலுக்கி, மேலடுக்கை நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தி ஓட்டுங்கள். அப்படியும் வால் போகவில்லை என்றால் குற்றவாளி லைனர் (ஊசி போடும் இடத்தில் உள்ள கண்ணாடிக் குழாய்). அதை மாற்றிவிட்டு, பிரிப்புக் குழாயின் (column) முன்பக்கம் கால் மீட்டர் வெட்டுங்கள்.

ஜிசி-எம்எஸ்: எண்கள் பேசுவது

ஜிசி கலவையைப் பிரிக்கும்; எம்எஸ் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) பிரிந்ததை உடைத்துத் துண்டுகளின் நிறையைக் காட்டும். 30 மீட்டர் நீளம், 0.25 மி.மீ. விட்டம், 0.25 மைக்ரான் படலம், 5 சதவீத ஃபீனைல் பிரிப்புக் குழாய். ஹீலியம் நிமிடத்துக்கு 1 மி.லி. இன்லெட் 250 டிகிரி, ஸ்பிளிட் 20க்கு 1, ஊசி 1 மைக்ரோலிட்டர். அடுப்பு 100 டிகிரியில் 1 நிமிடம் நின்று, நிமிடத்துக்கு 15 டிகிரி ஏறி, 290இல் 8 நிமிடம் நிற்கட்டும். 70 எலக்ட்ரான் வோல்ட். ஸ்கேன் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். நிறைய கூடங்களில் காற்றுப் பீக்குகளைத் தவிர்க்க 50இல் தொடங்குகிற வழக்கம். இங்கே அது கையைச் சுட்டுவிடும், 35இல் தொடங்குங்கள். ஏன் என்பது அடுத்த பத்தியில் புரியும்.

டிரிப்டமைனின் சங்கிலி முக்கியமாக ஒரே இடத்தில் அறும். நைட்ரஜனும் அதை ஒட்டிய கார்பனும் தனித் துண்டாகப் பிரிந்து, எலக்ட்ரான் தாக்குதலில் வரும் நிறமாலையில் பெரும்பாலும் அதுவே மிகப் பெரிய பீக்காக நிற்கும். நைட்ரஜனில் இரண்டு மெத்தில் என்றால் 58, மெத்தில்-எத்தில் என்றால் 72, இரண்டு அல்லைல் என்றால் 110, இரண்டு புரொப்பைல் அல்லது இரண்டு ஐசோபுரொப்பைல் என்றால் 114. நம்முடைய மெத்தில்-ஐசோபுரொப்பைல் 86. மறுபாதியான வளையம் 160, 174 என்று சிறிதாக வரும். 160 மேலும் உடைந்து 145, 117. மூலக்கூறு அயனி 246 மிகச் சிறியது. நீர்த்த கரைசலில் இரைச்சலுக்குள் தொலைந்துவிடும். வளையத்தில் மீத்தாக்ஸி இல்லையென்றால் 160க்குப் பதில் 130 நிற்கும். ஹைட்ராக்ஸி என்றால் 146.

86ஐப் பார்த்ததும் கை லைப்ரரிப் பொத்தானுக்குப் போகும். நில்லுங்கள். லிடோகெயினின் பெரிய பீக்கும் 86. புரோகெயினுக்கும் அதே 86. இரண்டிலும் டைஎத்தில் அமீன் துண்டு இருக்கிறது. பெரிய பீக்குக்கே மதிப்பெண் அள்ளிப் போடும் தேடல் முறையில், நிறமாலை பலவீனமாக இருந்தால் இவையெல்லாம் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக வந்து நிற்கும். எனவே 86ஐக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். 160ம் 174ம் இருக்கின்றனவா? இல்லையென்றால் அது 5-மீத்தாக்ஸி டிரிப்டமைனே அல்ல.

இருக்கின்றன என்றால் இன்னும் ஒரு வேஷக்காரன் பாக்கி: 5-மீஓ-டிஇடி. நைட்ரஜனில் மெத்திலும் ஐசோபுரொப்பைலும் சேர்ந்தால் நான்கு கார்பன். இரண்டு எத்தில் சேர்ந்தாலும் நான்கு கார்பன். ஆக நிறை 246, பெரிய பீக் 86, வளையத் துண்டு 160, 174, எல்லாமே ஒன்று. வித்தியாசம் அடித்தட்டில் ஒளிந்திருக்கிறது. 86 துண்டு மேலும் உடையும்போது ஐசோபுரொப்பைல் புரொப்பீனாகக் கழன்று 42 குறைந்து 44 வரும். எத்தில் என்றால் எத்திலீன் கழன்று 28 குறைந்து 58 வரும். 44 ஓங்கியிருந்தால் 5-மீஓ-மிப்ட் பக்கம், 58 ஓங்கியிருந்தால் 5-மீஓ-டிஇடி பக்கம். 50இல் ஸ்கேன் தொடங்கியவருக்கு இந்தச் சாட்சி கண்ணிலேயே படாது. 35இல் தொடங்கியவரும் ஏமாறலாம், ஏனென்றால் கருவிக்குள் கசியும் கார்பன் டைஆக்சைடும் 44தான். பீக் தொடங்குவதற்குச் சற்று முன்னுள்ள பின்னணியைக் கழித்துவிட்டுப் பாருங்கள். காற்றின் 32, 28 இரண்டும் ஏறியிருந்தால் முதலில் கசிவை அடைத்துவிடுங்கள்.

கழித்த பிறகும் 44 ஓங்கியே நின்றால், அதை வலுவான குறிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு என்று அல்ல. நேர்ச்சங்கிலிப் புரொப்பைல் இருக்கும் ஐசோமரிலும் (ஒரே வாய்பாடு, வேறு அமைப்பு) 44 வரக்கூடும். மீத்தாக்ஸி 5ஆம் இடத்தில் இல்லாமல் 4ஆம் இடத்தில் இருந்தாலும் துண்டுகளின் எண்கள் மாறாது.

உயர் துல்லிய எல்சி-எம்எஸ் (திரவ குரோமட்டோகிராஃபியோடு எம்எஸ்) இருந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 247.1805, 174.0913, 86.0964 என்று நான்கு தசமத்துக்கு எண் அழகாக வரும். மூலக்கூறு வாய்பாடு உறுதியாகும். ஆனால் மேலே சொன்ன ஐசோமர்கள் எல்லாவற்றுக்கும் அதே வாய்பாடு, அதே நான்கு தசமம். கருவி விலை உயர்ந்தது என்பதற்காக ஐசோமர் பிரிந்துவிடாது.

ஐசோமரைப் பிரிப்பது

மிகச் சுலபமான வழி, சான்றளிக்கப்பட்ட ஸ்டாண்டர்ட் (ஒப்பிடுவதற்கான தூய மாதிரி) வாங்கி அதே நாளில் அதே பிரிப்புக் குழாயில் ஓட்டுவது. 5-மீஓ-மிப்ட் மட்டும் வாங்காதீர்கள். 5-மீஓ-டிஇடி ஸ்டாண்டர்டும் வேண்டும். இரண்டும் உங்கள் பிரிப்புக் குழாயில் பிரிகின்றனவா என்று காட்டாத வரை, தக்கவைப்பு நேரம் (ஊசி போட்டதிலிருந்து பீக் வரும் வரையான நேரம்) பொருந்தியது என்பதற்கு அர்த்தமில்லை. வரிசை இப்படி இருக்கட்டும்: மெத்தனால் பிளாங்க், ஸ்டாண்டர்ட், பிளாங்க், சாம்பிள், பிளாங்க், கடைசியாக சாம்பிளும் ஸ்டாண்டர்டும் சம அளவில் கலந்தது. கலந்ததில் பீக் தோள் விடாமல் ஒற்றையாக உயர்ந்தால் நல்லது. நடுவில் உள்ள பிளாங்கில் 86 எட்டிப் பார்த்தால் ஊசி சரியாகக் கழுவப்படவில்லை. அன்றைய ஓட்டம் முழுவதும் செல்லாது.

டயோடு அரே டிடெக்டர் உள்ள எச்பிஎல்சி பல கூடங்களில் சும்மா கிடக்கிறது. 4ஆம் இடமா 5ஆம் இடமா என்ற கேள்விக்கு அதுவே மலிவான விடை. 5-மீத்தாக்ஸி இண்டோல்கள் சுமார் 277 நானோமீட்டரில் உச்சம் காட்டி, 296, 308 அருகே தோள்களோடு இறங்கும். 4ஆம் இடத்தில் ஆக்ஸிஜன் இருந்தால் உச்சம் 267 பக்கம் நகர்ந்து, 283, 292 அருகே தனி மேடுகள் தெரியும். மெலடோனினை ஓட்டி அதன் வளைவை மேலே வைத்துப் பாருங்கள். 5-மீத்தாக்ஸி என்றால் கிட்டத்தட்ட அப்படியே படியும். அமீன் பக்கம் என்ன இருக்கிறது என்று மட்டும் இதில் தெரியாது.

ஏடிஆர்-எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை, சுருக்கமாக ஐஆர்) ஐசோமரை நன்றாகப் பிரிக்கும், ஒரே ஒரு நிபந்தனையோடு: உப்பு வடிவம் ஒன்றாக இருக்க வேண்டும். ஹைட்ரோகுளோரைடு சாம்பிளை ஃபியூமரேட் லைப்ரரியோடு ஒப்பிட்டுவிட்டு "பொருந்தவில்லை" என்று எழுதுவது வீண். கலவையில் 5 சதவீதத்துக்குக் கீழே இருப்பது ஐஆரில் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மானிடால், லாக்டோஸ் கலந்திருந்தால் மெத்தனாலில் அவை அதிகம் கரையாது. கரைத்து, வடிகட்டி, ஒரு சொட்டை வைரப் படிகத்தின் மேலேயே உலர விட்டு ஓட்டலாம். உலர்ந்த படலம் படிகமாகாமல் கண்ணாடி மாதிரி நின்றுவிட்டால் பட்டைகள் அகன்று லைப்ரரி மதிப்பெண் விழும். அதைப் பார்த்துப் புதுப் பொருள் கண்டுபிடித்துவிட்டதாகக் குதிக்க வேண்டாம்.

என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்திசைவு நிறமாலை) கிடைத்தால் வாதமே இல்லை. 5 முதல் 10 மி.கி.யை 0.6 மி.லி. டியூட்டரேற்றிய மெத்தனாலில் கரையுங்கள். 5ஆம் இடம் என்றால் வளையத்தில் 8.8 ஹெர்ட்ஸ், 2.4 ஹெர்ட்ஸ் இணைப்புகளோடு ஒரு அகன்ற டப்ளெட், ஒரு குறுகிய டப்ளெட், இரண்டும் சேர்ந்த ஒன்று வரும். 4ஆம் இடம் என்றால் மூன்று ஹைட்ரஜனும் அடுத்தடுத்து இருப்பதால் இரண்டு டப்ளெட்டும் ஒரு டிரிப்ளெட்டும். அமீன் பக்கத்தில் ஐசோபுரொப்பைல் ஆறு ஹைட்ரஜன் டப்ளெட், என்-மெத்தில் மூன்று ஹைட்ரஜன் சிங்லெட். டைஎத்தில் என்றால் டிரிப்ளெட்டும் குவார்ட்டெட்டும். புதியவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. ஹைட்ரோகுளோரைடில் நைட்ரஜன் புரோட்டான் ஏற்றுப் புரளாமல் நிற்பதால், ஐசோபுரொப்பைலின் இரண்டு மெத்திலும் ஒன்றுக்கொன்று வேறாகி இரண்டு டப்ளெட்டாகப் பிரியலாம். அது அசுத்தம் அல்ல. காரமாக்கி மறுபடி எடுத்தால் ஒன்றாகிவிடும்.

ஐசோமருக்கு இவ்வளவு மெனக்கெடல் எதற்கு?

சட்டம் பெயரைப் பார்த்துத்தான் நடக்கிறது. மீத்தாக்ஸி இல்லாத ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள்: டிஇடியும் மிப்டும் நிறை 216, பெரிய பீக் 86, ஒரே வாய்பாடு. டிஇடி 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உளவியல் மருந்துகள் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. இந்தியாவின் என்டிபிஎஸ் (போதைப்பொருள் தடுப்பு) சட்டப் பட்டியலிலும் இருக்கிறது. மிப்ட் அந்த ஐ.நா. பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 5-மீஓ-டிப்ட் (நைட்ரஜனில் இரண்டு ஐசோபுரொப்பைல் உள்ள உறவுப் பொருள்) 2003 ஏப்ரலில் அவசர உத்தரவின் கீழ் முதல் பட்டியலுக்குப் போய், 2004இல் அங்கேயே நிலைபெற்றது. 5-மீஓ-மிப்டையும் வேறு நான்கு டிரிப்டமைன்களையும் அதில் சேர்க்க அந்நாட்டுப் போதைப்பொருள் தடுப்பு அமைப்பு 2022 ஜனவரியில் முன்மொழிந்து, அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. 44ஐயும் 58ஐயும் மாற்றிப் படித்தவரின் அறிக்கையால் ஒருவர் சிறைக்குப் போகவும் கூடும்.

தடயவியல் பணிக்குழுவான ஸ்விக்டிரக், ஐஆர், எம்எஸ், என்எம்ஆர் போன்றவற்றை ஏ வகையிலும், ஜிசி, எல்சி, டிஎல்சி (மெல்லடுக்கு குரோமட்டோகிராஃபி) போன்றவற்றை பி வகையிலும், நிறச் சோதனையை சி வகையிலும் வைக்கிறது. ஏ ஒன்றும் கூட இன்னொன்றும் குறைந்தபட்சம். இந்தப் பொருளுக்கு எம்எஸ்ஸோடு எர்லிக் சேர்த்தால் காகிதத்தில் விதி நிறைவேறிவிடும், ஐசோமர் பிரியாது. எங்கள் பரிந்துரை எம்எஸ், ஸ்டாண்டர்டோடு தக்கவைப்பு நேரம், ஐஆர் மூன்றும்.

மருத்துவமனையிலிருந்து போன் வந்தால்

சாம்பிளோடு சில நேரம் நோயாளியும் இருப்பார். அப்போது ஐசோமர் பிரியும் வரை காக்க வைக்காதீர்கள். "5-மீத்தாக்ஸி டிரிப்டமைன் வகை, சரியான பெயர் பின்னால் வரும்" என்பதை ஜிசி ஓடிய அரைமணியில் சொல்லிவிடலாம்; சிகிச்சைக்கு அதுவே போதும். வழக்கமான சிறுநீர்ப் பட்டைகள் டிரிப்டமைனைப் பிடிக்காது, எனவே பட்டை நெகட்டிவ் என்பதை வைத்து எதையும் விலக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நோயாளி எம்ஏஓ (மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்ற நொதி) தடுப்பான் எதையாவது எடுக்கிறாரா என்று மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள்: மோக்லோபெமைடு, லினிசோலிட், ஹார்மலா விதை. 5-மீத்தாக்ஸி டிரிப்டமைனை உடலில் உடைக்கும் வழிகளில் எம்ஏஓ முக்கியமானது. அதை அடைத்தால் செரோட்டோனின் நச்சு நிலைக்குப் போகலாம். உடல் சூடு ஏறுவது, கணுக்கால் தானாகத் துடிப்பது, தசை விறைப்பது மூன்றும் அதன் அடையாளம். பொடியில் ஆல்ஃபா-மெத்தில்டிரிப்டமைன் கலந்திருந்தால் அதுவே எம்ஏஓவைத் தடுக்கும். அதனால் போனை வைப்பதற்கு முன் குரோமட்டோகிராமில் இரண்டாவது பீக் ஏதும் உண்டா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அறிக்கை

ஸ்டாண்டர்டு இல்லை, ஐஆரும் இல்லை என்றால் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "நிறை 246 கொண்ட மீத்தாக்ஸி டிரிப்டமைன்; நிறமாலை 5-மீஓ-மிப்டுடன் ஒத்துப்போகிறது; ஐசோமர் பிரிக்கப்படவில்லை." மூன்றாவது வாக்கியத்தை எழுதக் கூச்சப்பட வேண்டாம். எல்லாம் செய்திருந்தால் பெயர், உப்பு வடிவம், எந்த ஸ்டாண்டர்டு, எந்த லாட் எண் என்று எழுதுங்கள். மிச்சப் பொடியை இருட்டில், மைனஸ் 20 டிகிரியில், காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். இண்டோல் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுத்துப் பழுப்பாகும்; ஆறு மாதம் கழித்து எதிர்த்தரப்பு மறு ஆய்வு கேட்கும்போது குப்பியில் பழுப்புப் பசை இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.